ஊருக்கெல்லாம் ஒரே நாச்சியார்: காஞ்சிக் காமக்கோட்டம்

கேட்கப்பட்டவை மூன்று. காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்களில் அம்மன் சன்னதியே கிடையாதாமே, ஏன்? காமாட்சி கோயில் ஆதியில் பௌத்தக் கோயிலாமே, உண்மையா? அங்கிருந்த தங்கக் காமாட்சி தஞ்சாவூரில் இருப்பது எப்படி?

மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடும்.

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருக்கலாம். அத்தனை பெரிய கோயிலைச் சுற்றி வந்தாலும், மூலவராக அம்மன் நிற்கும் தனிச் சன்னதி அங்கே இல்லை. உற்சவராக ஏலவார்குழலி இருக்கிறாள். பங்குனி உத்திரத்தில் கல்யாணம் அவளுக்குத்தான். கைலாசநாதர் கோயிலிலும் தனி அம்மன் கிடையாது. ஏன் என்று எந்தக் குருக்களைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: காஞ்சிக்குக் காமாட்சி ஒருத்திதான் சக்தி, மற்ற கோயில்களின் சக்தியையெல்லாம் அவள் தன்னிடம் ஈர்த்துக்கொண்டாள். ஏகாம்பரநாதருக்கும் காமாட்சிக்கும் நடுவே குமரகோட்டம் இருப்பதால், அப்பா, பிள்ளை, அம்மா என்று ஊரே சோமாஸ்கந்த வடிவமாக அமைந்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். தேடினால் சில கோயில்களில் பிற்காலத்தில் வைத்த அம்மன் திருமேனிகள் தென்படும். பொதுவாகப் பார்த்தால் ஐதீகம் சொல்வது சரிதான்.

ஆனால் "எல்லாக் கோயிலிலும் அம்மன் இருந்தாள், பிறகு ஒன்றாகிவிட்டாள்" என்று இதைப் புரிந்துகொண்டால் வரலாறு தலைகீழாகிவிடும். பல்லவர் காலத்தில் சிவன் கோயிலுக்குள் அம்மனுக்கு என்று தனிக் கருவறை கட்டும் வழக்கமே கிடையாது. கி.பி. 700 வாக்கில் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலில் லிங்கத்துக்குப் பின்சுவரைப் பாருங்கள். சிவனும் உமையும், நடுவில் குழந்தை முருகனுமாகச் சோமாஸ்கந்தச் சிற்பம் இருக்கும். அம்மன் கருவறைக்குள்ளேயே, கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இன்னொரு வீடு எதற்கு என்பதுதான் அன்றைய எண்ணம் போலும்.

தனிச் சன்னதி வழக்கம் சோழர் காலத்தில், அதுவும் 11ஆம் நூற்றாண்டிலிருந்துதான் பரவுகிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியபோது இன்று நாம் கும்பிடும் பெரியநாயகி சன்னதி இல்லை; அது பாண்டியர் கையில் தஞ்சை இருந்த 13ஆம் நூற்றாண்டில் வந்தது. சரி, புதிதாக எழும் இந்த அம்மன் சன்னதிக்கு ஒரு பெயர் வேண்டுமே, சோழர் கல்வெட்டுகள் என்ன பெயர் சொல்கின்றன? "திருக்காமக்கோட்டம்." உள்ளே இருப்பவள் "திருக்காமக்கோட்டமுடைய நாச்சியார்." காவிரிக் கரையில் எங்கோ ஒரு சின்ன ஊரில் அம்மன் சன்னதி கட்டினாலும் அதே பெயர்தான்.

காமக்கோட்டம் என்பது காஞ்சியில் இருந்த ஒரு குறிப்பிட்ட கோயிலின் பெயர். எந்தக் கம்பெனி இயந்திரத்தில் நகலெடுத்தாலும் நாம் ஜெராக்ஸ் என்றுதானே சொல்கிறோம், அது மாதிரி காஞ்சியில் ஒருத்தி குடியிருந்த வீட்டின் பெயர் தமிழ்நாட்டு அம்மன் சன்னதிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகிவிட்டது. இப்படிப் பார்த்தால்தான் முதல் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அம்மனுக்குத் தனிக்கோயில் என்றாலே காஞ்சியைத்தான் நினைத்தார்கள். வெளியூர்களில் அதைப் பார்த்துக் கட்டினார்கள். காஞ்சிக்குள் மட்டும், மூலக்கோயிலே நான்கு தெரு தள்ளி இருக்கும்போது இன்னொன்று தேவைப்படவில்லை. கல்வெட்டும் ஐதீகமும் இங்கே முட்டிக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். நடந்ததை ஐதீகம் தன் பாஷையில் சொல்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோயில் எவ்வளவு பழையது? எனக்குப் பிடித்த சான்று சுந்தரர். 8ஆம் நூற்றாண்டு. காஞ்சியிலேயே உள்ள ஓணகாந்தன்தளியில் நின்றுகொண்டு சிவனைக் கிண்டல் செய்கிறார்:

"தையலாள் உலகுய்ய வைத்த
காரிரும்பொழில் கச்சி மூதூர்க்
காமக்கோட்டம் உண்டாக நீர்போய்
ஊரிடும் பிச்சை கொள்வ தென்னே."

உன் மனைவி உலகத்தை வாழவைக்க வீடு ஒன்று வைத்து நடத்துகிறாள். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. நீ ஏன் ஐயா ஊர் ஊராகப் பிச்சை எடுக்கிறாய்? தம்பிரான் தோழரைத் தவிர வேறு யாருக்கு இந்தத் துணிச்சல் வரும்! இந்தக் கிண்டல் எடுபட வேண்டுமென்றால், காமக்கோட்டம் சோறிடும் இடம் என்பது அன்றைக்கே ஊரறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். காமாட்சி இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களும் வளர்த்தாள் என்ற கதையின் வேர் இது. பின்னால் சேக்கிழார் திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் காஞ்சியின் பெருமையை விரித்துச் சொல்லும்போது இந்தக் கதையை ஆற அமரப் பாடியிருக்கிறார். மாவடியில் மணல் லிங்கம் பிடித்து அம்மை பூசை செய்கிறாள். கம்பை ஆறு பெருகி வருகிறது. லிங்கம் கரைந்துவிடுமோ என்று பயந்து, ஓடிப்போய் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறாள். அவள் வளைத் தழும்பு லிங்கத்தில் பதிகிறது. 'தழுவக் குழைந்த நாதர்' என்று ஏகாம்பரநாதருக்குப் பேர் வந்த கதை இதுதான். தவத்தின் தொடக்கத்தை மாங்காட்டில் வைத்துச் சொல்கிற மரபும் உண்டு. அங்கே ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக்காலில் நிற்பாள்.

இன்னொரு சான்று அதிகம் பேர் அறியாதது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், கரிகாலன் இமயத்தைச் செண்டு என்ற ஆயுதத்தால் அடித்துத் திரித்த கதைக்கு ஒரு பழைய வெண்பாவை மேற்கோள் காட்டுகிறார்: "கச்சி வளைக்கைச்சி காமக்கோட்டங் காவல் மெச்சி இனிதிருக்கும் மெய்ச்சாத்தன் கைச்செண்டு..." அந்தச் செண்டு கரிகாலனுக்கு எங்கிருந்து கிடைத்தது? காஞ்சிக் காமக்கோட்டத்துக்குக் காவலிருக்கும் சாத்தன், அதாவது ஐயனாரிடமிருந்து. கரிகாலன் காலத்திலேயே கோயில் இருந்தது என்று இதை வைத்து வாதாடக் கூடாது. வெண்பா கரிகாலனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. நான் ரசிப்பது வேறொன்றை. அம்மனை 'வளைக்கைச்சி' என்று எவ்வளவு உரிமையோடு சொல்கிறது பாருங்கள். காமாட்சி என்ற வடமொழிப் பெயர் வாய்க்குள் நுழையாதவர்கள்கூட இப்படித்தான் அவளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். இன்று தங்க விமானத்தோடு நிற்கும் காமாட்சி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஆதி காமாட்சி என்று ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. காளிகாம்பாள், ஆதிபீடேஸ்வரி என்றும் சொல்வார்கள். அங்கே லிங்கத்திலேயே அம்மன் உருவம் புடைத்திருக்கும். சக்தி லிங்கம் என்று பெயர். சுந்தரர் பாடிய காமக்கோட்டம் அதுதான் என்று வாதிடுவோர் உண்டு. 'ஆதி' என்று ஊர்க்காரர்கள் சும்மா சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் அந்த வாதத்தை நான் தள்ளிவிடுவதில்லை. காஞ்சிக்குப் போகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், கூட்டம் இருக்காது.

இப்போது பெரிய கோயிலின் உள்ளே வருவோம். காமாட்சி நிற்பதில்லை, பத்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் கரும்பு வில், மலரம்பு, பாசம், அங்குசம். கரும்பு வில்லும் மலரம்பும் மன்மதனுடையவை. சிவன் எரித்தவனின் ஆயுதங்களைச் சிவன் மனைவி கையில் வைத்திருக்கிறாள் என்பதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். அவளுக்கு எதிரே ஸ்ரீசக்கரம். குங்கும அர்ச்சனை அதற்குத்தான். அம்மன் உக்கிரமாக இருந்தாள், ஆதிசங்கரர் வந்து ஸ்ரீசக்கரம் நிறுவி அவளைச் சாந்தமாக்கினார் என்பது கோயில் மரபு. சங்கரருக்கும் உள்ளே சன்னதி உண்டு. பூசை முறை துர்வாசர் வகுத்த சௌபாக்ய சிந்தாமணிப்படி என்பார்கள். பௌர்ணமி இரவில் நடக்கும் நவாவரண பூசைக்கு வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பெரிய திருவிழா மாசியில்.

கருவறைக்கு முன்னால் காயத்ரி மண்டபம். காயத்ரி மந்திரத்தின் எழுத்து இருபத்து நான்கு, மண்டபத்துத் தூணும் இருபத்து நான்கு என்பது கணக்கு. பண்டகாசுரன் கொடுமை தாங்காமல் தேவர்கள் கிளி உருவில் ஒளிந்திருந்தார்கள், பூமிக்குள் இருந்த பிலத்திலிருந்து அம்மன் சிறு பெண்ணாக வெளிப்பட்டு அவனைக் கொன்றாள் என்பது தலபுராணம். சிதம்பரம் சிதாகாசம் என்றால் காஞ்சி பிலாகாசம். அதாவது குகைக்குள் இருக்கும் வெளி. உலகத்து அம்மன் கோயில்கள் பலவற்றில் குகையோ பிளவோ நீரூற்றோதான் முதல் தெய்வம். இங்கேயும் பிலம்தான் முதலில், அதன் மேல் மற்றதெல்லாம் வந்தது என்று நினைக்க இடமிருக்கிறது.

கருவறைப் பக்கம் குங்குமத்தை வைத்து ஒரு வழக்கம் உண்டு. காமாட்சியிடம் வாங்கிய குங்குமத்தை அங்கேயே உள்ள அரூப லட்சுமிக்குச் சாத்திவிட்டு, அதிலிருந்து எடுத்து இட்டுக்கொள்ள வேண்டும். கணவன் சாபத்தால் உருவம் இழந்த லட்சுமிக்கு இந்தக் குங்குமத்தால் உரு திரும்பியது என்பது கதை. அவளை ஒளிந்து நின்று பார்த்த பெருமாள் 'கள்வர்' ஆனார். அவரும் அங்கே மாடத்தில் நிற்கிறார், மிகச் சின்ன உருவம். கூட்டம் தள்ளுகிற தள்ளில் பாதிப் பேர் கவனிக்காமலே போய்விடுவார்கள். ஆனால் அவர் 108 திவ்யதேசங்களில் ஒருவர்! திருமங்கையாழ்வார் திருநெடுந்தாண்டகத்தில் "கள்வா" என்று ஒரே சொல்லில் கூப்பிட்டது இவரைத்தான் என்று வைணவர்கள் கொள்கிறார்கள். அதே பாட்டில் "நிலாத்திங்கள் துண்டத்தாய்" என்று வருபவர் ஏகாம்பரநாதர் கோயிலுக்குள் இருக்கிறார். திவ்யதேச யாத்திரை போகும் வைணவர் காஞ்சியில் சிவன் கோயிலுக்குள்ளும் அம்மன் கோயிலுக்குள்ளும் நுழையாமல் கணக்கை முடிக்க முடியாது.

இரண்டாவது கேள்வி, பௌத்தம். இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வருகிறது, சிலருக்கு உற்சாகம் வருகிறது. சான்று என்னவென்று மட்டும் பார்ப்போம். தொல்லியல் அறிஞர் து.அ. கோபிநாத ராவ் காஞ்சியில் தேடி, காமாட்சி கோயிலிலும் அதன் அக்கம்பக்கத்திலும் புத்தர் சிலைகளைக் கண்டு 1915-ல் எழுதினார். அவற்றில் ஒன்று ஏழு அடிக்கும் மேல் உயரம். நின்ற கோலத்துப் புத்தர். அது சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. 7ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூறு சங்காராமங்களும் (பௌத்த மடங்கள்) பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். மணிமேகலை கடைசியில் அறம் கேட்க வந்து சேர்வதும் இந்த ஊருக்குத்தான். ஆகவே கோயில் வளாகத்திலோ அதை ஒட்டியோ பௌத்த விகாரம் ஒன்று இருந்தது என்பதை ஏற்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

மயிலை சீனி. வேங்கடசாமி இன்னும் ஒரு படி மேலே போய், காமாட்சி கோயிலே பௌத்தரின் தாராதேவி கோயில்தான் என்றார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவரோடு போக முடியவில்லை. கிடைத்தவை புத்தர் சிலைகள். தாரை என்று ஐயமறச் சொல்லத்தக்க மூலத் திருமேனி கிடைக்கவில்லை. சுந்தரர் பாட்டில் அவள் தெளிவாக மலைமகள், சிவன் மார்பை நீங்காதவள். பௌத்தர் மிகுந்திருந்த ஊரில் இரண்டு சமயத்தாரும் பக்கம் பக்கமாகவே வாழ்ந்தார்கள். பௌத்தம் தேய்ந்தபோது கேட்பாரற்ற சிலைகளும் கற்களும் அடுத்த வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கும். சோறிடும் தெய்வம் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் உலவியது என்பது மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசிப்பிணி தீர்த்த ஊரும் காஞ்சி, காமாட்சி இருநாழி நெல்லால் அறம் வளர்த்த ஊரும் காஞ்சி. யார் யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பசித்தவனுக்கு அது தேவையும் இல்லை.

மூன்றாவதுதான் உருக்கமான கதை. கருவறைக் காமாட்சி கல். அவளோடு தங்கத்தில் ஓர் அம்மனும் இருந்தாள், பங்காரு காமாட்சி. பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே இறங்கியபோது காஞ்சிக் கோயில்களில் பயம் பிடித்துக்கொண்டது. வரதராஜர், ஏகாம்பரநாதர் உற்சவர்கள், தங்கக் காமாட்சி எல்லோரையும் ரகசியமாக ஊரைவிட்டுக் கடத்திக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம். இதில் வரதராஜர் கதைக்குக் கல்வெட்டே இருக்கிறது. ஆபத்து நீங்கிய பிறகும் உடையார்பாளையம் ஜமீன்தார் பெருமாளைத் திருப்பித் தர மனமில்லாமல் இருக்க, வைணவத் துறவி ஆத்தான் ஜீயர் வேண்டிக்கொண்டதன் பேரில் தோடர்மால் என்ற தளபதி படையோடு போய் 1710-ல் மீட்டு வந்தார். தோடர்மால் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் உருவங்களை வரதராஜர் கோயிலில் இன்றும் பார்க்கலாம்.

வரதராஜர் திரும்பினார், ஏகாம்பரநாதர் திரும்பினார். காமாட்சி திரும்பவில்லை. செஞ்சி, உடையார்பாளையம் என்று அலைந்தவளைப் பரம்பரை அர்ச்சகர் குடும்பம் மேலும் தெற்கே கொண்டு போயிற்று. வழியில் தங்கம் என்று யாருக்கும் தெரியக்கூடாதே. முகத்திலும் உடம்பிலும் புனுகைப் பூசிக் கறுப்பாக்கி, மூடுபல்லக்கில் வைத்து, அம்மை கண்ட குழந்தை என்று சொல்லித் தூக்கிப் போனார்கள் என்பார்கள். அம்மை வார்த்த குழந்தை என்றால் எந்தச் சிப்பாய் திரையை விலக்குவான்? தெய்வத்தைக் காப்பாற்ற தெய்வத்தின் பேரையே கொண்ட நோய் உதவியிருக்கிறது.

திருவாரூரில் பல காலம் தங்கினார்கள். அங்கேதான் 1762-ல் அந்த அர்ச்சகர் வீட்டில் வேங்கடசுப்பிரமணியன் என்று ஒரு பிள்ளை பிறந்தது. வீட்டில் செல்லப்பெயர் சியாமா. ஐந்து வருஷத்தில் அதே ஊரில் தியாகராஜரும், அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் முத்துசாமி தீட்சிதரும் பிறந்தார்கள். சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் ஒரே ஊரில் பிறந்தது ஆச்சரியம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மூவரில் ஒருவர் அங்கே பிறந்ததற்குக் காரணம், ஓர் அம்மன் ஊர்விட்டு ஊர் ஓடிவந்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

1781-ல் ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியபோது திருவாரூரும் பத்திரமில்லை என்றாயிற்று. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். மராட்டிய மன்னர் துளஜா மேலவீதியில் கோயில் அமைத்து, அர்ச்சகர் குடும்பத்துக்கு வீடும் நிலமும் கொடுத்தார். தந்தைக்குப் பின் சியாமா சாஸ்திரிகளே அம்மனுக்குப் பூசை செய்தார். 1827-ல் மறையும்வரை அதுதான் அவர் வேலை. தோடி, பைரவி, யதுகுலகாம்போதி ஆகிய மூன்று ராகங்களில் அவர் செய்த ஸ்வரஜதிகளைக் கேட்டால், கச்சேரி மேடைக்குச் செய்ததாகவே தோன்றாது. சன்னதிக் கதவைச் சாத்திக்கொண்டு தாயோடு பேசும் பிள்ளையின் குரல் அது.

தஞ்சாவூரில் அவள் இன்றும் தங்கமாகத் தெரிவதில்லை. புனுகு சாத்திச் சாத்தி மேனி கறுத்திருக்கும். தங்கம் என்று சொன்னால்தான் தெரியும். ஓடிவந்தபோது போட்ட வேஷத்தை இன்னும் கலைக்கவில்லை. மேலவீதியில் கடைகளுக்கு நடுவே கோயில் வாசல் சட்டென்று கண்ணில் படாது, விசாரித்துக்கொண்டு போங்கள்.

காஞ்சிக்காரர்கள் சிலருக்கு அவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை இருக்கலாம். இருநூற்று நாற்பது வருஷம் ஓர் ஊரில் குடியிருந்தவளைப் புறப்படச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசியாக ஒன்று, கேள்வியில் இல்லாதது. கல்யாணத்தில் பெண் வீட்டார் சீரோடு கொடுக்கும் காமாட்சி விளக்கை வீட்டில் எடுத்துப் பாருங்கள். பின்தகட்டில் இருப்பவள் பெரும்பாலும் காமாட்சி இல்லை. இரண்டு பக்கமும் யானை நின்று நீர் வார்க்கும், கையில் தாமரை இருக்கும், அது கஜலட்சுமி. கரும்பு வில்லோடு உட்கார்ந்த காமாட்சியைத் தகட்டில் வார்த்த விளக்குகளும் கிடைக்கின்றன, ஆனால் பாத்திரக்கடையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அம்மன் சன்னதிக்கெல்லாம் காமக்கோட்டம் என்று பெயர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் விளக்குக்கும் அவள் பெயரையே வைத்துவிட்டார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கடைக்காரரும் பார்ப்பதில்லை, வாங்குகிறவரும் பார்ப்பதில்லை.